கோர்ட்டுக்குப் போகாத வாக்குமூலம்

மார்ச் 4, செவ்வாய்
காலையில் நீதிமன்றத்திலிருந்து சம்மன். தையற்காரர் வழக்கு. போலீஸ் ஸ்டேஷனில் வாங்கிய அடியில் வலது காது கேட்காமல் போனவர். இப்போது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். போலீஸ்காரர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் எங்கள் ஆணையத்தில், போன வருடம் அவர் புகாரை விசாரித்தவள் நான். அப்போது எடுத்த வாக்குமூலங்களைக் கொண்டுவர வேண்டுமாம்.

கொண்டுபோகலாம். ஆனால் அவற்றைச் சாட்சியமாக வைக்க முடியாது. புகார் விசாரணையில் ஒருவர் சொன்னது வேறு வழக்குக்குப் போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்
"என்னடி, முகமே சரியில்ல?" என்றாள் அக்கா. ஆபீஸ் விஷயம் என்றேன். "உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்கறதுக்குள்ள உயிரே போயிடும்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நினைத்துக்கொண்டிருந்தது அந்த இளம் காவலரை. அந்த ஸ்டேஷனில் வாய் திறந்தவர் அவர் மட்டும்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவர் முதலில் கேட்டது: "இது கோர்ட்டுக்குப் போகாதுல்ல மேடம்?" போகாது என்றேன். பிறகுதான் சொன்னார். "அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அதுக்கப்புறமும் இன்ஸ்பெக்டர் அடிச்சார்." அதை நம்பித்தான் புகார் உண்மை என்று முடிவெழுதினேன். இன்ஸ்பெக்டருக்கு இடமாற்றம். அவ்வளவுதான்.

மார்ச் 19, புதன்
வாக்குமூலங்களை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. அவற்றை வைத்துக் கொண்டுபோன உறை பிரிக்கப்படாமலே என்னிடம் திரும்பி வந்தது.

பிறகு காவலரைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"அடிச்சதைப் பார்த்தீங்களா?" தையற்காரரின் வக்கீல் கேட்டார்.

"நான் வெளிய இருந்தேன். எதுவும் பார்க்கல."

என் பக்கம் அவர் திரும்பவேயில்லை. திரும்பிவிடாமல் இருக்கக் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தது தெரிந்தது.

எழுந்து சொல்லியிருக்கலாமா? சொல்லியிருந்தால் — நாளைக்கு யார் என் அறைக்கு வந்து வாய் திறப்பார்கள்? சரியான பதில்தான். ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 20, வியாழன்
நேற்று எழுதாமல் விட்டது. நீதிமன்ற வராந்தாவில் தையற்காரரின் மனைவி வழிமறித்தாள். "உங்களுக்குத் தெரியும்ல? தெரியாமலா புகார் உண்மைன்னு எழுதினீங்க?"

தெரியும் என்று சொன்னாலே காவலர் சொன்னதில் பாதியை வெளியே விட்ட மாதிரி. சும்மா நின்றேன். "கல்லு மாதிரி நிக்கறா பாரு" என்று கணவரிடம் சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. இடப்பக்கம் போய் இன்னொரு தடவை சொன்னாள்.

ஏப்ரல் 2, புதன்
காவலர் வந்தார். யூனிஃபார்ம் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் பொய் சொன்னது உங்களுக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"கடைசி வரைக்கும்?"

"உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நாலு திட்டு திட்டினாக்கூடப் பரவாயில்ல மேடம்."

இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு வக்கீலைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். போய்விட்டார்.

அவர் மேல் கோபமா? இருந்தது. இன்று தேடினேன், கிடைக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்
ஒன்றுமில்லை.

ஏப்ரல் 23, புதன்
எங்கள் ஆணைய வக்கீல் போன் செய்தார். காவலர் தானாகவே தையற்காரரின் வக்கீலிடம் போய், திரும்பவும் சாட்சி சொல்கிறேன் என்றாராம். இன்று கூண்டில் ஏறி, "பார்த்தேன் ஐயா. அன்னிக்குச் சொன்னது பொய்" என்றிருக்கிறார். முன்பு ஏன் மறைத்தாய் என்று நீதிபதி கேட்டதற்கு, "ஸ்டேஷன்ல அப்புறம் யாரும் என்கூட உட்கார்ந்து சாப்பிட மாட்டாங்க. அந்தப் பயம்தான்."

என் உறை தேவைப்படவில்லை. அக்காவிடம் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
தையற்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. படியில் அவர் மனைவி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இறங்கிப் போனாள். போகட்டும்.

மதியம் மேஜையில் புதுப் புகார். கோர்ட்டில் முதல் தடவை பொய் சொன்னதாகக் காவலர் மேல் இன்ஸ்பெக்டர் கொடுத்தது. ஆணையத் தலைவரிடம் எடுத்துப் போய், இதை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன்.

"ஏன்?"

"ஏற்கெனவே அவரை விசாரிச்சவ நான் சார்."

அது பொய்யில்லை. முழுக் காரணமும் அதுவில்லை; மீதியைச் சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.