நம் தெருவின் நான்காவது பெயர்

அடேய் நெட்டைக் கொக்கே,

கடைசிச் சண்டைக்குப் போனதிலிருந்து ஒரு வரி எழுதினாயா? இங்கே நான் படும் பாட்டைக் கேள். நம் தெருவுக்கு மறுபடியும் பெயர் மாற்றிவிட்டார்கள். முதலில் ராஜா பெயர். போரில் ஜெயித்ததும் தளபதி பெயர். நீங்கள் புரட்சி செய்து அவனைத் துரத்தியதும் விடுதலைத் தெரு. ஆளாளுக்கு ஒரு பெயரை உறையில் எழுதுகிறார்கள். தபால் பிரிக்கும் நாங்கள்தான் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் 'கோணல் தெரு' என்று ஒரே பெட்டியில் போடுகிறோம். ஆட்சி மாறினால் தெரு நிமிர்ந்துவிடுமா?

இந்த முறை நகராட்சிக் குமாஸ்தா மாலையோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"பெருமைதானேம்மா? புது நாட்டுல உங்க பையன் பேருல ஒரு தெரு!"

"உயிரோட இருக்கறவங்க பேரை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?" என்றேன்.

மாலை மாட்ட உன் படத்தைத் தேடிச் சுவரைப் பார்த்தான். பார்த்தால் அது பதிலாகிவிடுமா? மாலையை அவன் கையிலேயே திணித்து அனுப்பினேன்.

உன் அப்பா அன்றிலிருந்து உன் சாப்பாட்டுத் தட்டை அலமாரியில் எடுத்து வைக்கிறார். நான் திரும்ப மேசையில் வைக்கிறேன். தினமும் இதே கூத்து.

ஆனாலும் பலகையை அறைந்துவிட்டார்கள். உன் பெயரில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. இருந்திருந்தால் அதைச் சாக்காக வைத்தாவது சண்டை போட்டிருப்பேன். நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன், எட்டவில்லை. நம் வீட்டில் நீ ஒருத்தன்தான் உயரம்.

வந்து கழற்றிப் போடு.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன
உன் அம்மா