கரையோர மூங்கில்

மலாக்கா, 9.12.1994

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். கால் வீக்கம் குறைந்ததா? நான் நலம்.

இங்கே ஆற்றங்கரையைச் சரிவாக வெட்டி, கம்பிக்கூடைகளில் கல் அடுக்கிக் கட்டுகிறோம். போன வாரம் கரையோர மூங்கிலை வேரோடு பிடுங்கினேன்.

"வேருதான் கரைய பிடிச்சிருக்கு. கல்லு வரட்டும் லா," என்றார் கூட வேலைசெய்த நல்லமுத்து அண்ணன். சீக்கிரம் முடித்தால் லீவு கிடைக்குமென்று நினைத்து நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் மழையில் கரை சரிந்தது. எனக்குக் கீறல்தான். அண்ணன் கீழே நின்றிருந்தார். அவரைப் பெம்பான் இடுகாட்டில் அடக்கம் செய்தோம்.

போர்த்திக்கொள்ள உங்கள் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். பொங்கலுக்கு வந்து நம் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஆற்றோர மூங்கிலை வெட்டித் தருவதாகச் சொன்னேனே, வேண்டாம் அம்மா. யாரையும் தொட விடாதீர்கள்.

லோரிச் சத்தம் கேட்கிறது. இன்றுதான் கல் வந்திருக்கிறது. இறக்கப் போகிறேன்.

மகன்,
ஹரிதாஸ்