கால் கட்டத் தேர்ந்தவள்

நலமே விளைக. ஏழாற்று நாடாளும் மாமன்னரின் மூத்த அமைச்சர் நீலகங்கரையர், தென்முனைக் கோட்டையில் பகைவர் அஞ்ச வீற்றிருக்கும் தண்டநாயகர் ஏழிற்கோமானுக்கு விடுத்த ஓலை. தங்கள் கோட்டையும் குடிகளும் தழைக்க; எஞ்சிய ஒரு கால் தங்களை நூறாண்டு தாங்குக.

இவ்வோலையுடன் வருபவள் சேந்தி, தங்கள் காலைக் கெடுத்தவள். பன்னீராண்டு பயின்று பட்டம் பெற வழியற்ற எளியோர்க்கென நாம் நறுக்கோலை வகுத்ததைத் தாங்கள் அறிவீர். நாற்பது நாளில் ஒரு தொழில். தேறியவர்க்கு விரலளவு ஓலை, அதில் மூன்றே சொல், மேலே அரச முத்திரை. மண் சுமந்து பிழைத்த சேந்தி வாய்க்கால் கட்டக் கற்று, ‘கால் கட்டத் தேர்ந்தவள்’ என்னும் நறுக்கைப் பெற்றாள். இனித் தானும் மேற்பார்வையாள் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தலைநகரில் தாங்கள் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்த அன்று, மருத்துவச்சாலை எழுத்தர் நறுக்குகளைப் புரட்டி அவளை இழுத்து வந்தார். தான் அறிந்தது நீர் ஓடும் கால், மனிதர் நடக்கும் கால் அன்று என அவள் கெஞ்சினாள். முத்திரையிட்ட ஓலையை மறுப்பது அரசத் துரோகம் என எழுத்தர் அறிவித்ததும் வேலையில் இறங்கினாள். முளைக்குச்சி நட்டு, களிமண் அப்பி, புல் வைத்து இறுக்கினாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவே. ஏழாம் நாள் தங்கள் முழங்காலுக்குக் கீழே களைய நேர்ந்தது.

அரசவையில் விசாரித்தபோது, நறுக்கில் இன்னொரு சொல் எழுத இடமிருந்ததே என்று மட்டும் கேட்டாள். மன்னர் இரங்கிவிட்டார். கற்ற தொழிலே தண்டனையாக, தங்கள் எல்லையில் அவள் கால் வெட்டட்டும் என்று அருளினார். பிழைத்தோம் என்று மன்னரை வாழ்த்தியபடி, தன் மண்வெட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு அவள் புறப்பட்டிருக்கிறாள்.

ஆனால் ஓராண்டில் மூவாயிரம் பணிகளை நிரப்பிய திட்டம் நம்முடையது. அவள் நடமாடும் வரை இக்கதையும் ஊர் ஊராக நடமாடும். பிறகு நறுக்கோலையை எவர் மதிப்பார் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க. அரச ஆணையும் மூன்று சொல்லைத் தாண்டலாகாது என்பது விதி. ஆகவே மன்னர் மொழிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கீழே பொறித்துள்ளோம். எப்பொருளில் வாசித்தாலும் தங்களைக் கேள்வி கேட்பார் இங்கு எவருமில்லை.

அரசின் நண்டு முத்திரை இடப்பட்டது. கண்ட அன்றே நிறைவேற்றுக.

சேந்தி கால் வெட்டுக.