இருபது நாள் பாக்கி

ஆமாம், இன்றும் நின்றேன். பேருந்து நிலையத்தைத் தாண்டியதும் புதுத் துணியின் கஞ்சி வாசனை வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகும்.

அறுபத்தொன்பதில் தருமபுரியில் நமக்கு ஒரே அறை. ஒரே பள்ளியில் இரண்டு ஆசிரியைகள். ஒரே சம்பளம். உன்னுடையது மாதக் கடைசி வரை இருந்தது. என்னுடையது பத்தாம் தேதிக்குள் தீர்ந்தது. சேலை, வளையல், வார இதழ், மறுபடியும் சேலை. வாங்கும்போது ஒரு வெளிச்சம். அறைக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்ததும் அது அணைந்துவிடும்.

சம்பள நாளில் நான் துணிக்கடைக்குள். நீ படிக்கு வெளியே, கறுப்புக் குடையோடு.

"உள்ள வாங்க டீச்சர், பாக்கறதுக்குக் காசு இல்லீங்க" என்பார் கடைக்காரர்.

"இங்க நின்னாலே தெரியுதுங்க" என்பாய்.

ஒரு மாதம் அம்மாவின் கார்டு வந்தது, மொரப்பூருக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரிலிருந்து. நான் பணம் அனுப்பாததால் தங்கை பள்ளிக்கூடம் போகவில்லை, இரண்டு வாரமாக வீட்டில் இருக்கிறாள். அந்தப் பணத்தைத்தான் நான் உடுத்தியிருந்தேன். மாம்பழ மஞ்சள், ஜரிகைக் கரை. நீ கார்டைப் படித்தாய். என் சேலையைப் பார்த்தாய்.

"நல்ல சேலைதான் புள்ள. முந்தானையில உந்தங்கச்சி உக்காந்திருக்கா, பாத்துப் போடு."

அன்று முழுவதும் முந்தானை கனத்தது. மிகைப்படுத்தி எழுதவில்லை.

உங்கள் வீட்டில் தவக்காலத்தின் நாற்பது நாளும் கறி இல்லை, புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை. "ஈஸ்டர் முடிஞ்சு வூட்டுல என்ன வேணும்னு கேட்டாங்கன்னா, எதுக்கு அடம் புடிச்சோம்னே மறந்து போயிருக்கும்" என்றாய். அந்த நாற்பது நாளை நம் அறையில் வருடம் முழுக்க வைத்தாய். எது வேண்டுமென்று தோன்றினாலும் ஒரு சீட்டு எழுத வேண்டும்: பொருள், விலை, தேதி. சீட்டு பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். நாற்பதாம் நாள் மாலை அதை எடுத்து நீ உரக்கப் படிப்பாய்.

"ஊதா வளையல், ஒரு டஜன். இன்னும் வேணுமா?"

முதலில் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றேன். வாங்கினேன். ஆறேழு மாதம் கழித்து, ஒரு சீட்டைப் பார்த்து, "இது யாரு எழுதினது?" என்று நிஜமாகவே கேட்டேன்.

"இந்த வூட்டுல ரெண்டு பேருதான் இருக்கோம். நான் எழுதல" என்றாய்.

சிரித்தோம். நான் கொஞ்சம் தாமதமாக.

அடுத்த ஐப்பசியில் உனக்குக் காமாலை. பதினோரு நாள். உன் ஊர்க் கல்லறையில் மழையோடு அடக்கம் செய்தோம். உன் அம்மா உன்னுடைய இரண்டு சேலையையும் குடையையும் என் மடியில் வைத்தார். "கட்டிக்க கண்ணு. அவ வாசம் போற வரைக்குமாச்சும் கட்டிக்க."

அறைக்கு வந்து டப்பாவைத் திறந்தேன். என் சீட்டுகளுக்கு நடுவே ஒன்று உன் கையெழுத்தில். அதுவரை நீ எழுதியதே இல்லை. "சாம்பல் சேலை, சிவப்புக் கரை. இருபத்திரண்டு ரூபாய்." தேதியிலிருந்து எண்ணினேன். இருபது நாள் பாக்கி இருந்தது.

நீ இல்லை. உன் ஆசைக்கு மட்டும் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் பள்ளி விட்டதும் அந்தக் கடை வாசலுக்குப் போனேன். உன் சேலை, உன் குடை. சாம்பல் சேலை வெளிக்கம்பியில் தொங்கியது. காற்றில்லாத மாலைகளிலும் அதன் கரை அசைந்தது. யாராவது வாங்கிவிடுவார்களோ என்று பயந்தேன். வாங்கிவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

நாற்பதாம் நாள் சம்பள நாளாக வந்தது. வாடகைக்கும் அரிசிக்கும் போக மிஞ்சுவது தங்கையின் பரீட்சைப் பணம் மட்டும். அந்த வாரம் கட்டாவிட்டால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். இறந்தவளுக்காக வாங்குவது வீண்செலவு ஆகாது என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. பழகிய குரல். எத்தனையோ சேலைக்கு முன்னால் கேட்டது.

படியில் கால் வைத்தேன். மழை இருட்டு. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க டீச்சர். தெனமும் வந்து நிக்கறீங்க, மனசு ஆறலீங்களா?"

நான் சாம்பல் சேலையைப் பார்த்தேன்.

"உங்ககூட வருமே அந்தப் பொண்ணு, தவறிடுச்சாமே. தாராளமான கையிங்க. மாம்பழ மஞ்சள் ஒண்ணு எடுத்துச்சு, எங்கண்ணுலயே நிக்குது. இன்னைக்கி இருந்தா இந்தச் சாம்பலை உட்டு வெச்சிருக்குமா?"

மாம்பழ மஞ்சள் எடுத்தது நான். உன் சேலையையும் குடையையும் பார்த்து என்னை நீ என்று நினைத்துவிட்டார். என் சாவை என்னிடமே துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

திருத்தத்தான் வாய் திறந்தேன்.

"ஆமாங்க, போயிட்டாங்க" என்று வந்தது.

"எடுத்துத் தரட்டுங்களா?"

"வேணாங்க."

கால் படியிலிருந்து இறங்கியது. சேலை எனக்குப் பின்னால் அசைந்ததா என்று பார்க்கவில்லை.

உன் சீட்டை இன்னும் கிழிக்கவில்லை. வேண்டும், வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும். என் சீட்டுகளை நானே படிக்கிறேன், நாற்பதாம் நாள், உரக்க. "இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறேன். பதில் என் குரலில்தான் வருகிறது. இதுவரை.

அன்று கடைப் படியிலிருந்து இறங்கிய மறுநாள் காலை, தபாலாபீஸ் திறக்கும்போதே போய் நின்றேன். பரீட்சைப் பணத்துக்கு மணியார்டர் எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, ஜன்னலில் கொடுத்தேன்.