சிவப்புக் கருவாட்டுப் பை

தலைமன்னாருக்குத் திரும்பவும் ரயில் ஓடத் தொடங்கிய வருசத்தில்தான், அண்ணை, நாங்கள் இரண்டு பேரும் கருவாட்டைப் பையிலடைத்து விற்கத் தொடங்கினோம். அந்தப் பைக்கு நீங்கள் தெரிந்தெடுத்த சிவப்பு இப்போது போகப்போகிறது. புதுப் பை என் மடியில் கிடக்கிறது. மை வாசம் இன்னும் போகவில்லை. சாம்பல் கலந்த வெள்ளை, ஓரத்தில் மெல்லிய எழுத்து, மீன் படம்கூட இல்லை. கொழும்புக் கடைகளில் இப்போது இதுதான் எடுபடுகிறதாம். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் உங்கள் மகள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் பங்கைப் பார்க்கிறவளும், பையை மாற்றச் சொல்பவளும் அவள்தான். ஒரு சொல்லும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். விட்டாளா என்று பார்க்க எனக்கு எழுத்துத் தெரியாது.

நிறம் மாற்றுவதில் உங்களுக்குப் பகையில்லை. ஆவணியில் மடுக் கோயில் திருவிழாவுக்குப் போனால், மாதா சுருபம் பவனி வர, நீங்கள் சனத்தைப் பார்த்து நிற்பீர்கள். பெண்கள் அந்த வருசம் எந்த நிறத்தைக் கூடுதலாக உடுத்தியிருக்கிறார்களோ அதுதான் அடுத்த வருசம் எங்கள் பையின் கரை.

"மாதாவைப் பாருங்கோ, சீலையளைப் பாக்காதேங்கோ" என்று உங்கள் மனைவி ஏசுவா.

"ரெண்டையும்தான் பாக்கிறன்" என்பீர்கள்.

ஒரு வருசம் மடுவெல்லாம் ஊதா. நீங்கள் கரையோடு நிற்காமல் முழுப் பையையும் ஊதாவாக்கினீர்கள். அது கடைக்கு வந்தது பாஸ்குவுக்கு முந்திய நோன்பில், தபசு காலத்தில், கோயிலில் சுருபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்த நேரம். கருவாடும் தபசு இருக்கிறதோ என்று கீரிக் கிராமத்தில் கேட்டுச் சிரித்தார்கள். சிரிப்பைத் தாங்கலாம். நறுவிலிக்குளத்துக்கு அனுப்பிய பைகள் அப்படியே திரும்பி வந்தன. எழுத்துத் தெரியாத சனம் சிவப்பைத் தேடி, காணாமல், வேறு ஆட்களின் சரக்கென்று விட்டுவிட்டது. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "கரையை வருசா வருசம் மாத்து. சிவப்பில மட்டும் கை வைக்காத. உன்னைப் போல ஆக்கள் அதைத்தான் வாசிக்கினம்." நான் ஓம் என்றேன்.

பாதிப் பங்கு என்னுடையது. நான் கைநாட்டு வைக்காமல் பை மாறாது. மாறாவிட்டால் கொழும்புக் கடைகள் எடுக்காது. கொட்டிலில் மீன் வெட்டும் ஆறு பெண்களுக்கும் வேலை இல்லை. மாறினால் உங்களுக்குச் சொன்ன சொல் இல்லை. சிறகுவலைக்குள் போன மீனைப் போல, எந்தப் பக்கம் போனாலும் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தேன். மூன்று கிழமையாகக் கைநாட்டு வைக்காமல் இழுத்தடித்தேன்.

கரையை மட்டும் மாற்றுவோம் என்று மகளிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை.

"கரையை மாத்தி மாத்தியே பை கிழடாப் போச்சு, சித்தப்பா. சிவப்பைப் பாத்து வாங்கிற ஆக்கள் இன்னும் ஆர் இருக்கினம்? சொல்லுங்கோ."

விரல் விட்டு எண்ணினேன். கீரியில் இருந்தவர்கள் உங்களுக்கு முன்பே போய்விட்டார்கள். நறுவிலிக்குளத்தில் நாலு பேர். போன மாரியோடு அதிலும் மூன்று பேர் இல்லை. மடக்கி மடக்கி, கடைசியில் ஒரு விரல்தான் நிமிர்ந்து நின்றது.

நேற்றுக் கைநாட்டு வைத்துவிட்டேன், அண்ணை. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. சொன்ன சொல்லை உடைத்தவன் நான், அது என்னோடு வரட்டும். நாளைக் காலை பஸ்ஸில் நறுவிலிக்குளம் போகிறேன். இந்த வெள்ளைப் பையைக் கையில் கொடுத்து, இதுவும் எங்கள் சரக்குத்தான் என்று நானே சொல்ல வேண்டிய ஆள் இன்னும் ஒருத்தி இருக்கிறா. பொன்னம்மா.