முதலில் எந்தக் கசற்?

ஒக்டோபர் 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பின்னேரம் இடி முழக்கம் மட்டும், மழை இல்லை. பாண், சீனி, குகனின் சேட்டுக்குப் பொத்தான். மூன்றையும் மறந்து வெறுங்கையோடு வீடு வந்தேன்.

தவநேசன் அண்ணையைப் பிடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் சுற்றிவளைப்பு. வீடு வீடாகத் தேடல். அவர் வீட்டில் இருந்தது ஒரு கிட்டாரும் அவருடைய கடைசிக் கசற்றும். இரண்டையும் எடுத்து, அவரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அறுபது தாண்டிய மனிதர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறவர். கலியாண வீடு, பள்ளிக்கூட மேடை, கோயில் வீதி என்று பாடித் திரிந்ததைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அவருடைய மனைவி ஞானம் அக்கா இன்று புதுக்கடைக்கு எங்கள் சட்டத்தரணி விமல் சேரைத் தேடி வந்தார். கந்தோர் வாசலில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார். காலில் இரண்டு செருப்பும் வேறு வேறு சோடி.

சேர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். கசற்றில் ஒரு பாட்டு, ‘தலைவன் வருவான்’ என்று. பொலிஸின் மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் ‘நாயகயா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இயக்கத் தலைவர் கொழும்புக்கு வரப்போகிறார் என்று பாட்டுக் கட்டினானாம் கிழவன். வெள்ளிக்கிழமை தடுப்பு உத்தரவு கேட்பார்கள். கிடைத்துவிட்டால் ஆளை எங்கே கொண்டுபோவார்கள், எவ்வளவு காலம், யாருக்கும் தெரியாது.

சேருக்குத் தமிழ் ‘வணக்கம்’ வரைதான். மீதிக்கு நான். அவர் கதிரையில் சாய்ந்து கேட்டார்: “மலர், இந்த மனிதர் ஆறு கசற் போட்டிருக்கிறார் என்கிறாய். எனக்கு ஒன்றுமே தெரியாது. எதில் தொடங்குவது?”

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. முதலாவதில் ஒலிப்பதிவு மோசம், நடுவில் பஸ் ஹோர்ன்கூடக் கேட்கும். எனக்குப் பிடிக்கும், புதிதாகக் கேட்பவருக்குக் கொடுக்கமாட்டேன். இரண்டாவது காதல், வயலின். மூன்றாவதில் கோரஸ் பெண்களில் ஒருத்தி நான், குகனைக் கட்ட முதல் (சேருக்கு இதைச் சொல்லவில்லை). ஐந்தாவது பக்திப் பாடல், வயிற்றுப்பாட்டுக்குப் போட்டது என்று அவரே சொல்வார். ஆறாவதுதான் பிடிபட்டது.

நாலாவதை எடுத்ததும் என் குரல் மாறியிருக்கவேண்டும். அதில் ஒரு பாட்டு. தென்பகுதி ரயில் ஸ்டேசன் ஒன்றில், ஆணியடித்த பெட்டியில் வந்த சிப்பாய் மகனைத் திறந்து காட்டச் சொல்லி ஒரு சிங்களத் தாய் நிற்கிறாள். அப்படி ஒரு பாட்டைத் தமிழில் வேறு யாரும் பாடி நான் கேட்டதில்லை.

“அதில்தான் தொடங்கவேண்டும், சேர்,” என்றேன்.

சேர் மேசையில் தட்டினார். பொறுப்பதிகாரிக்குப் போட்டுக் காட்டுவோம், தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவருக்கும் கொடுப்போம், என்றார். எனக்குப் பெருமை. பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்பு.

குகனிடம் சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப மிச்சம் அஞ்சும் எங்கை?”

“ஆறும் இருக்கு. அலுமாரியிலை.”

“பொலிஸ் தேடிற சாமானை அலுமாரியிலை வச்சுக்கொண்டே நான் இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனான்?”

“பாட்டுத்தானே.”

“அவரையும் பாட்டுக்குத்தானே பிடிச்சவங்கள்.”



ஒக்டோபர் 8, செவ்வாய்

வெயில். வெள்ளவத்தையிலிருந்து போவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதனை. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கைப்பை.

சேரோடு நிலையத்துக்குப் போனேன். எந்த நிலையம் என்று இதில் எழுதப்போவதில்லை. பத்து நிமிடம் பார்க்க விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் தவம் அண்ணை. சவரம் செய்யாத முகம். கண்ணாடி இல்லை, உடைந்துவிட்டதாம். எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சுவரோரம் ஒரு கொன்ஸ்ரபிள். தமிழ் தெரிந்தவனா தெரியாதவனா, முகத்தில் பிடிபடவில்லை.

நாலாவதைப் போடப்போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். “சேர் உங்கடை பாட்டுகளை...”

அண்ணை இடைமறித்தார். “பிள்ளை, வீட்டிலை எல்லாரும் சுகமே?”

“ஓம் அண்ணை.”

“என்ரை நாலாவது பிள்ளைக்குத்தான் சுகமில்லை. அதை வெளியிலை கூட்டிக்கொண்டு திரியவேண்டாம் எண்டு சொல்லும். ஆரார் கண்ணிலை படும் எண்டு தெரியாது. வெளிக்கிட்டால் மூத்தவளுக்கும் தொத்தும்.”

அவருக்கு ஒரே ஒரு மகள்.

“விளங்குதே, தங்கச்சி?”

“விளங்குது அண்ணை.”

அண்ணை என்ன சொல்கிறார் என்று சேர் கேட்டார். பிள்ளைக்குச் சுகமில்லையாம் என்றேன். கொன்ஸ்ரபிள் அசையவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில்தான் முழுக்க விளங்கியது. மகள் வதனி கலியாணம் கட்டிப் போனது வன்னிக்கு. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், இயக்கத்தின் ஆட்சி நடக்கிற இடம். நாலாவது கசற் வந்த வருடம் அண்ணையை அவர்களின் ஆட்கள் வந்து சந்தித்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எதிரியின் தாய்க்கு ஒப்பாரியா என்று. கடைகளிலிருந்து அவரே எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார். ஏன் என்று இவ்வளவு காலமும் நான் யோசிக்கவேயில்லை. நல்ல பாட்டு, ஆட்கள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் என் நினைப்பு. இப்போது அந்தப் பாட்டு அவரை வெளியே கொண்டுவரும். சிங்களப் பத்திரிகையில் படத்தோடு வரும். பிறகு வதனி வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள்.

தொடங்கச் சொன்னவள் நான்.

ஒக்டோபர் 9, புதன்

மழை, ஒருவழியாக. கந்தோரில் மின்சாரம் இல்லை.

சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. இன்று கோபம்.

“வழக்கை வெல்லுகிற சாமானை நீயே காட்டினாய். இப்போது நீயே வேண்டாம் என்கிறாய்.”

“பத்திரிகைக்குக் கொடுக்கவேண்டாம் சேர். பொலிஸுக்கும் வேண்டாம். அங்கேயிருந்து கதை வெளியே போகாது என்று யார் சொல்வது?”

“அப்படியென்றால் எதைப் போட? காதல் பாட்டைப் போட்டால் ஒளிக்கிறோம் என்பான். சாமிப் பாட்டைப் போட்டால் சிரிப்பான்.”

நான் முழுக்க யோசித்துக்கொண்டு போகவில்லை. பேசும்போதுதான் வந்தது. “ஆறாவதையே போடுவோம். அவர்களிடம் இருப்பதையே. அந்தப் பாட்டிலிருந்து இல்லை, முதல் பாட்டிலிருந்து. அது ஒரு மீனவன் வீட்டுக் கதை. கலியாணம், கடலுக்குப் போகிறது, அவள் பார்த்துக்கொண்டு இருக்கிறது, அவன் திரும்புகிறது. மூன்றாவது பாட்டை மட்டும் தனியாக எடுத்தால் யாருக்கும் விளங்காது. தலைவன் என்றால் அவளுடைய புருசன். எங்கள் பழைய பாட்டுகளில் அப்படித்தான்.”

“ஒரு பொறுப்பதிகாரி ஒரு பக்கம் முழுக்க இருந்து கேட்பானா?”

“கேட்டுப் பாருங்கள் சேர்.”

சேர் தொலைபேசியை எடுத்தார்.

வீட்டில்: குகன் அலுமாரியிலிருந்து ஆறையும் எடுத்துக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தார். கடலில் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஒழுங்கை முடிந்தால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல்.

“எது அந்த ஆபத்தான சாமான்?”

நாலாவதைக் காட்டினேன். வதனியின் கதையையும் சொன்னேன். அதைக் கையில் எடுத்தார்.

“இதை என்னட்டைத் தாரும். கடையிலை பெயின்ற் ரின்னுகளுக்குப் பின்னாலை வச்சால் முதலாளிக்கும் தெரியாது.”

“செக்பொயின்ரிலை பிடிச்சால்?”

“சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியிலை வைக்கிறன். புட்டைக் கிண்டிப் பாக்கமாட்டாங்கள்.”

ஒக்டோபர் 10, வியாழன்

காலையில் குகன் அதைக் கொண்டுபோய்விட்டார். புறக்கோட்டைக் கடைக்குப் போய்ச் சேர்ந்து தொலைபேசி எடுக்கும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. “சாப்பாடு வந்திட்டுது,” என்றார். அவ்வளவுதான்.

பின்னேரம் நிலையம். பொறுப்பதிகாரிக்கு நாற்பது வயதிருக்கும். களைத்த முகம், சுத்தமான நகம். மேசையில் ஒரு பழைய ரேப் ரெக்கோடர். நான் பக்கத்தில் நின்று, வரி வரியாகச் சிங்களத்தில். பின்னால் இரண்டு கொன்ஸ்ரபிள்கள். சேர் மூலைக் கதிரையில்.

முதல் பாட்டு கலியாணம். அதிகாரி ஒரு கோப்பில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது, வள்ளம் போகிறது. கையெழுத்துத் தொடர்ந்தது. மூன்றாவதில் பேனையை வைத்துவிட்டார். ‘இருள் வற்றட்டும், என் தலைவன் வருவான்.’ நான் ‘என் மனிதர் வருவார்’ என்றேன்.

“ஏன் மாற்றுகிறாய்? இதில் நாயகயா என்று இருக்கிறது.”

“மாற்றவில்லை சேர். அடுத்த பாட்டையும் கேளுங்கள்.”

அடுத்த பாட்டில் அவன் வருகிறான். இரவு முழுக்கக் காத்திருந்தவள் கூடையைப் பார்த்துத் திட்டத் தொடங்குகிறாள். என் தலைவனே, ஊருக்கெல்லாம் பாரை மீன், எனக்கு நாலு சூடையா? அந்த இடத்தில் எனக்குச் சூடைக்குச் சிங்களம் வரவில்லை. சின்ன மீன், வெள்ளியாக இருக்கும், முள் கூட, என்று தடுமாறினேன். அறையில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

“சாலயோ, சேர்,” என்றான் பின்னால் நின்ற கொன்ஸ்ரபிள். நீர்கொழும்புப் பக்கத்தவனாம். “எங்கள் வீட்டிலும் அம்மா இப்படித்தான் பேசுவா.”

மற்றவன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. கசற்றை நிறுத்தி, வெளியே எடுத்து, அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆறாவது என்று போட்டிருக்கிறதாமே. மற்ற ஐந்தும் எங்கே?”

சேர் என்னைப் பார்த்தார்.

“நாளைக் காலை கொண்டுவா,” என்றார் அதிகாரி என்னிடம். “எல்லாவற்றையும்.”

ஒக்டோபர் 11, வெள்ளி

குகன் அரை நாள் லீவு போட்டார். “நீர் தனியப் போகவேண்டாம்.” பையை அவரே தூக்கினார். வழியில் சோதனைக்கு நிறுத்தினார்கள். பையில் கசற்றைக் கண்டதும் சிப்பாய், “மேக மொகத்த?” என்றான். இது என்ன என்று. பொலிஸ் கேட்ட சாமான், பொறுப்பதிகாரியிடம் கொண்டுபோகிறோம் என்று குகன் தன் உடைந்த சிங்களத்தில் சொன்னார். போக விட்டான். குகனை உள்ளே விடவில்லை, வாசலில் நின்றார்.

நாலு கசற்றை மேசையில் வைத்தேன். அதிகாரி விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

“நாலாவது?”

“என்னிடம் இல்லை சேர். கடைகளிலும் இல்லை. விற்காமல் திருப்பி எடுத்துவிட்டார்கள்.”

பாதி உண்மை. முகத்தில் மீதி தெரிந்திருக்குமோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். மூன்றாவது. முதல் பாட்டிலேயே கோரஸ். நான் மொழிபெயர்க்கிறேன், பக்கத்தில் நானே பாடிக்கொண்டிருக்கிறேன், பத்து வருடம் இளைய குரலில். அதிகாரி ரெக்கோடரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் ரெக்கோடரை.

“இந்தப் பெண் யார்?”

சேருக்கும் தெரியாத விசயம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே அறையில் இரண்டாவது பொய்யைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“நான்தான் சேர்.”

விமல் சேர் கதிரையிலிருந்து பாதி எழும்பி, பிறகு இருந்தார்.

“அப்படியென்றால் நீ அவனுடைய ஆள்.”

“பாடப் போனேன் சேர். சனிக்கிழமைகளில். கலியாணத்துக்குப் பிறகு போகவில்லை.”

“நீதான் என்பதற்கு என்ன சாட்சி? பாடு பார்ப்போம்.”

கசற்றை நிறுத்தினார். மின்விசிறிச் சத்தம் மட்டும். இரண்டு வரி பாடினேன். சுருதி எங்கேயோ போனது. மூன்றாவது வரியில் பிடித்துக்கொண்டேன். அப்போது உள்ளேயிருந்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தவம் அண்ணையின் குரல், நாலாவது வரி. ஒரே ஒரு வரி. யாரோ அதட்டினார்கள். நின்றுவிட்டது.

அதிகாரி கோப்பைத் திறந்து ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். நானும் சேரும் அந்தப் பேனையையே பார்த்தோம்.

“உத்தரவு கேட்கவில்லை,” என்றார் சேரிடம். “நாளை அனுப்புகிறேன். கிழமைக்கு ஒருதரம் வந்து ஒப்பம் வைக்கவேண்டும். கசற்றெல்லாம் இங்கே இருக்கும்.”

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவடிக்கு வந்தபிறகு, “மிஸ்,” என்றார். திரும்பினேன். “இனிமேல் மொழிபெயர்ப்புக்கு வேறு ஆளை அனுப்பச் சொல்.”

வாசலில் குகன். முகம் வெளிறியிருந்தது.

“ஆரோ பாடினமாதிரிக் கேட்டுது.”

“நான்தான்.”

ஒக்டோபர் 13, ஞாயிறு

வானம் மூடிக்கிடந்தது. ஆட்டிறைச்சிக்குச் சனம், வாங்கவில்லை. கத்தரிக்காயும் பருப்பும்.

தவம் அண்ணையும் ஞானம் அக்காவும் வந்தார்கள். நேற்றுப் பின்னேரம் விட்டார்களாம். அவருக்குப் புதுக் கண்ணாடி இன்னும் இல்லை, அக்காதான் படியில் கையைப் பிடித்து ஏற்றினார். இடது தோளைத் தூக்கமுடியவில்லை. தேத்தண்ணியை வலது கையால் குடித்தார். கிட்டாரைத் திருப்பித் தந்தார்களா என்று நான் கேட்கவில்லை.

நன்றி எல்லாம் சொல்லவில்லை. “சுருதி குறைச்சுப் பாடினீர்,” என்றார்.

“பயம் அண்ணை.”

“அது கேட்டுது.”

அக்கா சிரித்தார், உடனே அழுதார். வதனிக்குச் செய்தி அனுப்ப வழியில்லை, அப்பா உள்ளே இருந்ததே அவளுக்குத் தெரியாது. நல்லதுதான் என்றார் அண்ணை.

குகன் ஒரு மூலையில் இருந்தார். திடீரென்று எழும்பிப் போய் ஒரு கசற்றைக் கொண்டுவந்தார். இரண்டாவது. யாரோ சினேகிதன் வீட்டிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

“அண்ணை, குறை நினைக்கவேண்டாம். நான் உங்கடை ஒண்டும் ஒழுங்காக் கேட்டதில்லை. இதிலை தொடங்கலாமோ?”

“தொடங்கலாம். அதிலை வயலின் வாசிச்ச பெடியன் கெட்டிக்காரன்.”

போட்டார். வயலின் வந்தது. சும்மா ஒரு காதல் பாட்டு, மழைக்கு ஒதுங்கி நிற்கிற இரண்டு பேர். அதில் எதுவும் இல்லை, யாருக்கும் எந்தக் குற்றமும் பிடிக்கமுடியாது. அவருடைய குரல் தொடங்கியதும் தவம் அண்ணை கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு எழும்பிப் போய், வீதிப் பக்கத்து யன்னல் இரண்டையும் சாத்தினார்.