ஈரக் கோட்டும் அணையாத சூடும்

அக்கா, இன்று காலை விருந்தினர் ஒருவரின் கம்பளிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். ஈரக் கம்பளியில் கரி போட்ட இஸ்திரிப்பெட்டி பட்டதும் ஆவியோடு ஒரு வாடை கிளம்புமே, நனைஞ்ச ஆட்டுக்குட்டி என்று நீங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வீர்களே, அதே வாடைதான். உடனே உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது.

மலைமேல் இந்த வட்டக்கானல் விடுதியில் உங்களோடு இஸ்திரி வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பதினான்கு வயது. வகுப்பில் ஒருநாள் எழுந்து நின்று ஏதோ கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். இதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன்.

"இதுக்கா படிப்ப நிறுத்தின? தேயிலைத் தோட்டத்த விட்டு இந்தக் கரைக்கு வரத் தலைமன்னார்ல ஏறினதுலருந்து நான் பேசினதுக்குக் கப்பலே சிரிச்சிச்சு. நான் என்னா, கடல்ல குதிச்சேனா?" என்றீர்கள். நான் சிரித்தேன். ஆனாலும் விருந்தினர்களைக் கண்டால் வாய் திறக்க மாட்டேன்.

அப்புறம் அந்தச் சாரல் நாள். செயற்கைக்கோள் வேலை செய்யும் ஒரு பெங்களூர் இன்ஜினியர், பஸ் கூரையில் நனைந்த பெட்டியோடு வந்து சேர்ந்தார். அன்று மாலை பள்ளி மண்டபத்தில் அவர் பேச வேண்டும். இருந்த ஒரே கோட்டும் சொட்டச் சொட்ட ஈரம். அதை நம்மிடம் கொடுத்துவிட்டு, கரிப்பெட்டியின் சூட்டுக்காக ஸ்வெட்டரோடு அங்கேயே நின்றார்.

"சாயங்காலம் என்னா பேசப் போறீங்க சார்?" என்று கேட்டீர்கள்.

வியாழன், சனி என்று வெகுதூரம் போகும் விண்கலங்களுக்கு அங்கே வெயில் பத்தாது என்றார். அதனால் தானாகவே சுட்டுக்கொண்டிருக்கும் புளூட்டோனியத்தை உள்ளே வைத்து அனுப்புவார்களாம். ஒரு முனை அந்தச் சூட்டிலும் மறுமுனை வெளிக்குளிரிலும் இருந்தால் நடுவில் மின்சாரம் வருமாம். புகை கிடையாது, சுழலும் சக்கரம் கிடையாது. இன்னொரு வழியும் உண்டாம்: உலோகத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சினால் அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே இருக்கும் ஆறிய தகட்டுக்குத் தாவுமாம்.

"சூடு மட்டும் பத்தாதும்மா, பக்கத்துலயே குளிரும் வேணும்" என்றார்.

"அப்ப எங்க ஊர்ல நெறைய கரண்ட் எடுக்கலாமே! குளிருக்கு என்னா பஞ்சம்?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நின்றேன். கேட்க ஒரு கேள்வி இருந்தது; கேட்காமல் தெளித்த இடத்திலேயே மறுபடியும் தெளித்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். பெட்டியை ஓரமாக வைத்தீர்கள். பாதி இஸ்திரி போட்ட கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டீர்கள்.

"சார், இந்தப் புள்ள ஒன்னு கேக்கணும். அவ கேட்டாத்தான் கோட்டு."

"எனக்கு நேரமாச்சும்மா!"

"அத அவகிட்ட சொல்லுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "வேணாம்னா அந்தச் சூட்ட எப்படி சார் அணைப்பாங்க?"

சிரிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அணைக்க முடியாதும்மா. செஞ்ச நாள்லருந்து சுட்டுக்கிட்டேதான் இருக்கும். எண்பது தொண்ணூறு வருஷம் போனா சூடு பாதியாக் கொறையும்."

"அப்ப மேல போறப்பவே கீழ விழுந்துட்டா?" இது தானாகவே வந்துவிட்டது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கெட்டியான கூட்டுக்குள்ளதான் வெப்பாங்க. ஆனா உடையவே உடையாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

படித்தவர் ஒருவர் எனக்காக யோசித்துப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் சுருட்டிய சுருட்டில் கோட்டின் ஒரு கையில் இரண்டு மடிப்பு விழுந்து, கடைசிவரை போகவேயில்லை. அதோடுதான் அவர் மேடை ஏறினார். "பாத்தியா, யாரு சிரிச்சா?" என்று கேட்டுவிட்டு, நீங்களே விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி உங்களைக் கொண்டுபோய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில், யாராவது ஒரு வார்த்தை பேசுகிறீர்களா என்று ஃபாதர் கேட்டார். விடுதிக்காரர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் முன்னால் போனேன் அக்கா. இந்தக் கோட்டுக் கதையைச் சொன்னேன். "அவ கேட்டாத்தான் கோட்டு" என்றதும் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவிலும் நான் ஓடவில்லை. கதையை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

உங்கள் கரிப்பெட்டி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. இன்று காலை அந்த விருந்தினர் கோட்டை வாங்க வந்ததும் நானே முதலில் கேட்டேன், "என்ன வேலை பாக்குறீங்க சார்?" என்று. பல் டாக்டராம். "வேல முடிஞ்சதாம்மா?" என்று கை நீட்டினார்.

முடிந்துதான் இருந்தது. ஆனாலும் கோட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். எனக்கு இன்னும் இரண்டு கேள்விகள் பாக்கி இருந்தன.